வண்ணார்பேட்டைக் கல்லும் என் காதும்

சங்கரா,

நீ சௌக்கியமா என்று கேட்டு இதை ஆரம்பிக்க முடியவில்லை. நீ சௌக்கியமாக இல்லை என்பதைப் பூர்ணிமா எழுதிவிட்டாள். கல்யாணத்தைப் புனேயிலேயே பதிவு அலுவலகத்தில் முடித்துக்கொள்கிறோம், யாரும் இவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்று நீ அப்பாவிடம் போனில் சொன்னதை அவர் சிலேட்டில் எழுதிக் காட்டினார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வெண்டைக்காய் நறுக்குவதைத் தொடர்ந்தேன். எதற்கும் இப்போது அப்படித்தான். சரி என்பேன், கையில் இருக்கிற வேலையைச் செய்வேன். அப்பா சிலேட்டை அழித்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் பூர்ணிமாவின் செய்தி வந்தது. உனக்குச் சொல்லாமல்தான் அனுப்பியிருக்கிறாள். அதற்காக அவளிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. "அத்தை, தப்பா நினைக்காதீங்க. மண்டபத்துல மேளம் அடிக்கும்போது நீங்க ஒண்ணும் கேக்காம உக்காந்திருக்கத அவங்களால பாக்க முடியாதாம். அம்மாகிட்ட ஒரு வார்த்தை பதில் வாங்காம அந்த ஊசியப் போடச் சொன்னது நாந்தான், அந்தக் கல்ல எடுக்க அம்மாவ ஆத்துல இறக்கினதும் நாந்தான்னு சொல்லுதாங்க. தூங்கவே மாட்டேங்காங்க அத்தை." அவள் வள்ளியூர்க்காரி என்பது அந்த 'மாட்டேங்காங்க'விலேயே தெரிகிறது. அந்த ஊருக்கு நான் எத்தனையோ வருஷம் பஸ்ஸில் போய்ப் புவியியல் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தப் பேச்சை எழுத்தில் பார்த்ததும் காதில் விழுந்தது போலவே இருந்தது.

செய்தியை இரண்டு தடவை படித்தேன். நீ நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி யாருக்குமே தெரியாத விஷயம். மீதிப் பாதி தப்பு. தப்பாக இருப்பதைத் திருத்தாமல் விட என் வாத்தியார் புத்தி கேட்கவில்லை. போனில் பேச எனக்கு வழியில்லை என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் வரும். பொறுமையாகப் படி.

நீ ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில், பையன் என்ன படிக்கிறான் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. ஆற்றுக் கல்லின்மேல் இருக்கிற வழுவழுப்பை ஆராய்கிறான் என்றால் சிரித்தார்கள். உன் சித்தப்பா, "எஞ்சினியர் சீட்டை விட்டுட்டுப் பாசி வழிக்கப் போயிட்டானா?" என்று கேட்டார். ஒரு மத்தியானம் நீ சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நானே கேட்டுவிட்டேன். "கல்லுல என்னலே படிக்க இருக்கு?"

உன் முகம் அப்படி மலர்ந்ததை அதற்கு முன்னால் நான் அதிகம் பார்த்ததில்லை. "எம்மா, அந்த வழுவழுப்பு பூராவும் உயிரு. பல சாதி பாக்டீரியா ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கிடக்கு. அதுங்க தங்களுக்குள்ள கொடுக்கல் வாங்கல் பண்ணுது. அதத்தான் பாக்கேன்."

"என்னத்தக் கொடுக்கு?"

"மரபணுவ. மருந்து போட்டாச் சாகாம இருக்க ஒரு வித்தை இருக்குன்னு வையி. அது ஒரு சின்ன வளையத்துல எழுதிருக்கும். பிளாஸ்மிட்னு பேரு. ஒரு பாக்டீரியா பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்கதுக்குக் குழாய் மாதிரி ஒண்ண நீட்டி, அந்த வளையத்துக்கு ஒரு நகல் எடுத்துக் கொடுத்துரும். வாங்குனதும் சாகாது. அது இன்னொண்ணுக்குக் கொடுக்கும்."

"பெத்த பிள்ளைக்குத்தானே கொடுக்கும்?"

"பிள்ளைக்கும் போகும். ஆனா சொந்தமே இல்லாததுக்கும் போகுதுல்லா, அதான் விசேஷம். நமக்கு ஒரு கெடுதலும் பண்ணாத ஆத்துப் பாக்டீரியா, நம்மள ஆஸ்பத்திரில படுக்க வைக்கிற ஒண்ணுக்குக் கொடுக்கலாம். செத்து உடைஞ்சு தண்ணில கரைஞ்சது கொட்டுற துண்டக்கூட இன்னொண்ணு எடுத்துக்கிடும். வைரஸ் தூக்கிட்டுப் போயிக் கொடுக்கதும் உண்டு."

செத்ததிடமிருந்துமா என்று நான் கேட்டேன். ஆமாம் என்றாய். சாதம் ஆறிப்போகும் வரை பேசிக்கொண்டே இருந்தாய். எனக்கு முழுதும் விளங்கவில்லை. ஆனால் வள்ளியூர்ப் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் வருஷா வருஷம் பொதிகையில் தொடங்கிப் புன்னைக்காயலில் முடிகிற நம் ஆற்றின் கோட்டை வரைந்தவள் நான். துணை ஆறு, அணை, கால்வாய் எல்லாம் குறிப்பேன். அந்தக் கோட்டுக்குள் இப்படி ஒரு போக்குவரத்து நடக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அன்றைக்கு உன்னிடம் நான் பாடம் கேட்டேன். சந்தோஷமாக இருந்தது. இப்போது அதை நினைத்தால் 'சந்தோஷமாக இருந்தது' என்ற வாக்கியம் மட்டும்தான் வருகிறது, சந்தோஷம் வரவில்லை.

அப்புறம் அது அப்பாவுக்கும் எனக்கும் வேலையாகவே ஆகிவிட்டது. கைக்கு அடக்கமான கூழாங்கற்களை நீ தேய்த்துக் கழுவி, கொடுக்கிற பாக்டீரியாவையும் வாங்குகிற பாக்டீரியாவையும் சேர்த்து வைத்த வெள்ளை வட்டத் தாளைக் கல்லில் கவிழ்த்து ஒட்டி, மேலே நைலான் வலை சுற்றிக் கட்டுவாய். இரண்டுமே இந்த ஆற்றிலிருந்து எடுத்தவைதான், வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து விடவில்லை என்று அப்பாவிடம் பலமுறை சொன்னாய். மலையை ஒட்டிப் பாபநாசத்தில் ஒன்று, ஊர்த் தண்ணீர் வந்து கலக்கிற வண்ணார்பேட்டையில் ஒன்று, கீழே ஏரலில் ஒன்று என்று மூன்று இடத்தில் போட்டு, மறுநாள் எடுத்துப் போய் எத்தனை கைமாறியிருக்கிறது என்று பார்ப்பாய். அணைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற உன் அப்பாவுக்கு அதில் தனி உற்சாகம். பழைய சிநேகிதருக்குப் போன் போட்டு, "என்னவே, இன்னைக்குத் தண்ணி கூடத் திறக்கீரா? எம் மவன் கல்லு போட்டிருக்கான், அடிச்சிக்கிட்டுப் போயிரப்பிடாது" என்பார். குளிர்ந்த தண்ணீரில் கொடுக்கல் வாங்கல் குறைச்சல், வெயில் ஏறிய தண்ணீரில் அதிகம் என்று நீ வந்து சொன்னால், ஏதோ தான் பிறப்பித்த உத்தரவு மாதிரி தலையாட்டிக்கொள்வார்.

இனி அந்தக் கோடை. ஏரலிலும் வண்ணார்பேட்டையிலும் போட்ட கற்களை ஒரே நேரத்தில் எடுக்க வேண்டியிருந்தது. நீ ஏரலுக்குப் போனாய். வண்ணார்பேட்டைக் கல்லை எடுக்க அப்பாவும் நானும் போனோம். அப்பாவுக்கு முட்டுவலி. அவர் கரையில் நின்று, "அங்கன பாரு, அந்த முள்ளுக்கு நேரா. பைய இறங்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீ கொடுத்த கையுறையைப் போட்டுக்கொண்டு சேலையைத் தூக்கிச் செருகி நான்தான் இறங்கினேன். நீ என்னை இறங்கச் சொல்லவில்லை. அப்பாவை எடுக்கச் சொன்னாய். இறங்கியது என் இஷ்டம். கல் கைக்கு வந்ததும் கால் வழுக்கி இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா பதறினார். நான் கல்லை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நனைந்த சேலையோடு காரில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தோம். அந்தக் கதையை நீயும் சிரித்துக்கொண்டுதான் கேட்டாய்.

காய்ச்சல் அதற்கு மறுநாளா வந்தது? இல்லை. ஒரு மழை பெய்து, மாம்பழக் காலமும் முடிந்த பிறகு வந்தது. முதலில் நீர்க்கடுப்பு. எனக்குச் சர்க்கரை இருக்கிறது, இந்த வயதில் பெண்களுக்கு இது சாதாரணம் என்றார் பக்கத்துத் தெரு டாக்டர். மாத்திரை கொடுத்தார். கேட்கவில்லை. வேறு மாத்திரை, அதுவும் கேட்கவில்லை. குளிர் நடுக்கம் வந்து, நான் யாரிடம் என்ன பேசுகிறேன் என்று எனக்கே தெரியாமல் போனபோது நீங்கள் என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனீர்கள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது, சிறுநீரகம் தளர்ந்துவிட்டது என்றார்கள். இதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உனக்குத் தெரியாத இடம் இனிமேல்தான் வருகிறது.

ஊசி போட்ட அன்று காலையில் நர்ஸ் என் தோடு, வளையல் எல்லாவற்றையும் கழற்றி அப்பாவிடம் கொடுத்திருந்தாள். அப்பா அதை வீட்டில் வைத்துவிட்டுக் குளித்துவிட்டு வரப் போயிருந்தார். மூக்கிலும் வாயிலும் பிராணவாயு மூடி. கண்ணைத் திறக்கத் தெம்பில்லை. டாக்டரம்மா என் கட்டில் பக்கத்தில் நின்று உன்னிடம் பேசியது எனக்குத் தண்ணீருக்கடியில் இருந்து கேட்பது போலக் கேட்டது. பரிசோதனை முடிவு வந்துவிட்டது, வழக்கமாகக் கொடுக்கிற மருந்து எதற்கும் இந்தக் கிருமி மசியாது, ஒரே ஒரு பழைய ஊசிக்கு மட்டும் அடங்கும், ஆனால் சிறுநீரகம் இருக்கிற நிலையில் அது காதைப் பறித்துவிடக்கூடும் என்றார். "யோசிச்சுச் சொல்லுங்க தம்பி. ஆனா ரொம்ப நேரம் யோசிக்காதீங்க" என்றார். செருப்புச் சத்தம் விலகிப் போனது. அந்தச் செருப்புச் சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நீ குனிந்து என் காதுக்குப் பக்கத்தில் வந்தாய். "எம்மா. ஒரு ஊசி இருக்கு. போட்டாப் பொழைச்சிக்கிடுவ. காது போயிரலாம்ங்காங்க. போடச் சொல்லட்டா?"

காது போய்விடும் என்றதும் எனக்கு முதலில் தோன்றியது தோடு. அதைத்தான் கழற்றியாகிவிட்டதே என்று நினைத்தேன். அப்புறம்தான் நீ எதைச் சொல்கிறாய் என்று புரிந்தது. புரிந்த பிறகுதான் பதில் சொன்னேன். "போடச் சொல்லுலே" என்றேன்.

சொன்னேன், சங்கரா. மூடிக்குள் அது வெறும் காற்றாகத்தான் போயிருக்கும். என் கணக்கில் நான் சத்தமாகச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் ஊசி வந்தது; நீ கேட்டுக்கொண்டாய் என்றுதான் நினைத்தேன். பூர்ணிமாவின் செய்தி வரும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ கேள்வியைக் கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்கத் தாங்காமல் எழுந்து கதவுப் பக்கம் போயிருக்க வேண்டும். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் போயிருப்பேன். ஆனால் பதில் வந்தது. நீ அங்கே இல்லை.

என்னைத் தைரியசாலி என்றும் நினைத்துவிடாதே. காதா உயிரா என்று நிறுத்துப் பார்த்து நான் முடிவெடுக்கவில்லை. தொண்டை காய்ந்து கிடந்தது. எதையாவது போட்டு இதை முடித்தால் ஒரு வாய் தண்ணீர் கொடுப்பார்கள் என்று தோன்றியது. இருந்தாலும் அது என் வாயால், எனக்குப் புரிந்து, நான் சொன்ன பதில்தான்.

காது ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் கீச்சென்ற சத்தங்கள் போயின. காலை நேரத்துக் குருவி, போன் மணி, குக்கர் விசில். அப்புறம் பெண்களின் குரல். நர்ஸ் பேசுவது கண்ணாடிக்குப் பின்னால் பேசுவது போல ஆனது. ஆண்களின் குரல் கொஞ்ச காலம் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் அப்பாவின் இருமல் லேசாகக் கேட்டது. கடைசியில் பாலத்தில் ஏறுகிற பஸ்ஸின் உறுமல் மட்டும் மிச்சமிருந்தது. ஒரு நாள் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தவள், கீழே பஸ் ஏறுவதைப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. மிச்சத் துணியையும் காயப் போட்டுவிட்டு இறங்கி வந்தேன். அப்பாவிடம் மறுநாள்தான் சொன்னேன். காதோடு நடையும் கொஞ்சம் கெட்டது. வெளிச்சம் குறைந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன். காதுக்குப் பின்னால் கருவி வைத்துத் தைக்கிற ஆபரேஷன் இருக்கிறது என்கிறார் டாக்டர். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். வேண்டும் என்றும் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை.

நான் அழவில்லை என்று எல்லோரும் என்னை மெச்சினார்கள். வந்தவர்கள் முதலில் என் முகத்துக்கு முன்னால் வாயை அகலமாகத் திறந்து கத்துவார்கள். பிறகு அப்பா பக்கம் திரும்பிப் பேசுவார்கள். நான் காப்பி கொண்டுவந்து வைப்பேன். உன் பெரியம்மா, என் கூடப் பிறந்த அக்கா, இறந்தபோது தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் வாய்கள் திறந்து மூடின. மார்பில் அடித்துக்கொள்கிறார்கள் என்று பார்த்துத் தெரிந்துகொண்டேன். எனக்கு ஒரு துளிக் கண்ணீர்கூட வரவில்லை. கல்நெஞ்சு என்று யாராவது சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப் போகுமே, தொட்டால் அடுத்தவர் கன்னத்தைத் தொடுவது போல இருக்குமே, அப்படித்தான் நான் இருக்கிறேன். அது கழன்றுவிடும் என்று காத்திருந்தேன். கழலவில்லை. அப்புறம் காத்திருப்பதையும் விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் நீ ஒரு சோதனை முடிவோடு வந்தாய். உன் பேராசிரியர் கேட்டு, அப்பாவும் சம்மதம் சொல்லி, ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் என் கிருமியை வாங்கிப் போய்ச் சோதித்திருந்தாய். சமையலறையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, குழந்தைகள் எழுதி அழிக்கிற அந்தப் பிளாஸ்டிக் சிலேட்டில் எழுதினாய். 'உன் கிருமில இருக்கிற வளையமும் வண்ணார்பேட்டைக் கல்லுல இருக்கிற வளையமும் ஒண்ணு.'

"ஏரல்ல?" என்று கேட்டேன்.

'அங்கயும்.'

"மேல, பாபநாசத்துல?"

'கொஞ்சம். அங்கயும் இருக்கு.'

"தண்ணி மேலேருந்துல்லா கீழ வருது? இது எப்படிலே மேல போச்சு?"

'மாடு, பறவை, மனுசங்க. ஆத்துக்கே போகாதவங்க வயித்துலகூட இருக்கு.'

"அப்ப எனக்கு எங்கேருந்து வந்துச்சு?"

நீ எழுதிய பதில் 'தெரியாது'. அதைக் காட்டிய பிறகும் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. அதற்கு அடியில், 'யாருக்கும் தெரியாது' என்று எழுதினாய். நான் என்ன செய்தேன் என்று ஞாபகம் இருக்கிறதா? சரி என்று சொல்லிவிட்டு, மாவு கரைக்கப் போனேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன் தலையில் கையாவது வைத்திருக்கலாம். அது தோன்றாத அளவுக்கு மரத்துக் கிடந்தேன். நீ சிலேட்டை அழித்தாய். அடுத்த வாரமே ஆராய்ச்சியை விட்டுவிட்டு, மருந்துக் கம்பெனி வேலை என்று புனேக்கு வண்டி ஏறினாய். அதற்கப்புறம் வரவில்லை. தீபாவளிக்கு வேலை என்றாய், பொங்கலுக்கு டிக்கெட் இல்லை என்றாய். சாப்பிட்டியா என்று தினமும் ஒரு செய்தி. சாப்பிட்டேன் என்று தினமும் ஒரு பதில்.

'தெரியாது' என்பதை என்னால் வைத்துக்கொள்ள முடிந்தது. உன்னால் முடியவில்லை, அதைத்தான் இப்போது பார்க்கிறேன். ஆற்றில் யார் யாருக்குக் கொடுத்தது என்று தேடிப் போனவனுக்கு, அது தன் வீட்டிலேயே வந்து நின்றபோது ஒரு கை வேண்டியிருந்தது, இதுதான் கொடுத்தது என்று காட்ட. வேறு கை கிடைக்காததால் உன் கையையே காட்டிக்கொண்டாய். நீ சொல்லித் தந்த பாடத்தின்படியே அது நிற்காதே, சங்கரா. என் வயிற்றில் அது எத்தனை காலமாக இருந்ததோ. நான் குடித்த தண்ணீரோ, தின்ற கோழியோ, சளிக்கெல்லாம் நானே கடையில் வாங்கி விழுங்கிப் பாதியில் விட்ட மாத்திரைகளோ. அன்றைக்கு வழுக்கி விழுந்ததாகவும் இருக்கலாம்; இல்லை என்று சொல்லி உன்னைத் தேற்ற மாட்டேன். இருக்கலாம் என்பதற்கு மேல் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. அதற்காக யாரும் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை.

பூர்ணிமாவின் செய்தியைப் படித்து முடித்ததும் எனக்கு என்ன வந்தது தெரியுமா? அழுகை வரவில்லை. கோபம் வந்தது. காது சூடாகிற அளவுக்குக் கோபம். அப்பா பயந்துபோய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு எனக்குள் ஏதோ ஒன்று அசைந்தது, அது உன்மேல் கோபம். என் உயிர், என் காது, நான் சொன்ன பதில். அதை உன்னுடையது என்று எடுத்துக்கொண்டு போய், ஆயிரம் மைலுக்கு அப்பால் வைத்து ராத்தூக்கம் இல்லாமல் கிடக்கிறாய். உன்னை யார் கேட்டார்கள்? என் வாழ்க்கையில் நானாக எடுத்த முடிவுகள் மிகவும் கொஞ்சம். பள்ளிக்கூட வேலைக்குப் போனது என் அப்பா சொல்லி. கல்யாணம் பெரியவர்கள் பார்த்து. வீடு கட்டியது உன் அப்பாவின் திட்டம். மூச்சு முட்டக் கிடந்த அன்றைக்கு ஒன்றை நானே சொன்னேன். அதை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடு.

புத்தி சொல்ல எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதுவும் இதிலிருந்து வந்ததுதான். பூர்ணிமாவிடம் ஒன்று கேட்டால், பதில் வரும்வரை அவள் எதிரிலேயே நில். சிலருக்குப் பதில் சீக்கிரம் வராது, சிலருக்குச் சத்தமாக வராது. அவள் முகம் எப்படி மாறினாலும் எழுந்து போகாதே. உன் அப்பாவும் நானும் முப்பது வருஷத்துக்கு மேல் ஒருவரையொருவர் பாதி கேட்டுக்கொண்டே காலத்தைத் தள்ளினோம். இப்போதுதான் அவர் ஒரு விஷயம் சொல்ல வேண்டுமென்றால் அடுப்பங்கரைக்கு வந்து, விளக்கை ஒரு தடவை அணைத்துப் போட்டு, நான் திரும்புகிறவரை நின்று, பிறகு சொல்கிறார். வேறு ஒரு மனிதர் மாதிரி இருக்கிறார். உங்களுக்கு அதற்குக் காது போக வேண்டாம்.

ஆராய்ச்சிக்குத் திரும்பி வா என்று சொல்ல மாட்டேன். ஆற்றைப் பார்க்க முடியவில்லை என்றால் பார்க்காதே. அது உன் முடிவு, நான் அதை எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் கல்யாணம் இங்கே நடக்கட்டும். இதை அப்பா எழுதச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். மேளத்தை நான் கேட்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியாது என்கிறாய். பார். நான் எப்படி உட்கார்ந்திருக்கிறேனோ அப்படியே பார். தவில்காரர் ஓங்கி அடித்தால் பலகையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அது முதுகெலும்பில் தெரியும். தெரியாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. உன் சித்தப்பா பேசுவது கேட்காது என்ற ஆதாயம் இருக்கிறது. தாலி கட்டும்போது எனக்கு அழுகை வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால் அத்தைக்கு என்னைப் பிடிக்கவில்லை போல என்று பூர்ணிமா நினைத்துவிடக் கூடாது, அவளிடம் முன்கூட்டியே சொல்லி வை. பிடித்திருக்கிறது.

நீங்கள் இரண்டு பேரும் ஏதோ மலைக்கோட்டையில் நின்று எடுத்த படத்தை அவள் அனுப்பியிருந்தாள். இளைத்திருக்கிறாய். முகம் மறைகிற அளவுக்குத் தாடி வளர்த்திருக்கிறாய். அது அழகாக இருக்கிறது என்று அவள் சொல்லக்கூடும், அவள் சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு அது ஆகாது. நான் இப்போது உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் படிக்கிறேன், தாடியும் மீசையும் வாயை மூடிவிட்டால் நீ திட்டுகிறாயா கொஞ்சுகிறாயா என்று எனக்குத் தெரியாது. வருகிற அன்று காலையில் எடுத்துவிட்டு வா. சத்தம் போட்டுப் பேசாதே, பையப் பேசு. இன்னொன்றும் தெரிந்துகொள். உதட்டில் 'அம்மா'வும் 'அப்பா'வும் ஒன்றுபோலத்தான் இருக்கும், வித்தியாசமே தெரியாது. வாசலில் நாங்கள் இரண்டு பேரும்தான் நின்றுகொண்டிருப்போம். நீ யாரைக் கூப்பிடுகிறாய் என்று நான் கண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். என்னைப் பார்த்துக் கூப்பிடு.

அம்மா